ஒன்றே முக்கால் ஏக்கர்

என்னுடைய கதைகளில் எத்தனையோ பேருக்கு நான் தோப்பும் துரவும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பத்திரச் செலவு கிடையாது, தரகு கிடையாது, பேனாவில் மை இருந்தால் போதும். நாலு வரியில் கதாநாயகனுக்குக் கிணற்றோடு ஐந்து ஏக்கர் கிடைத்துவிடும். அப்படிப்பட்ட எனக்கே சொந்தத்தில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று ஆசை வந்தபோதுதான், நிலம் என்பது மண் மட்டும் அல்ல, பெரும்பாலும் காகிதம் என்று தெரிந்தது. அந்தக் காகிதத்தைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் சரித்திரம் இருக்கிறது என்பது அதற்கும் பிறகு தெரிந்தது.

பட்டணத்தில் நாற்பது வருஷம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டவனுக்குக் கிராமத்தின் மேல் மோகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. பாரதியாரே பராசக்தியிடம் ஒரு காணி நிலம் கேட்டார் அல்லவா? ஒரு காணி என்றால் 132 சென்ட். நான் அவ்வளவு பெரிய கவியும் அல்ல. பராசக்தியிடம் அவ்வளவு செல்வாக்கும் எனக்கு இல்லை. ஒரு சின்ன ஓட்டு வீடு, நாலு தென்னை, ஒரு கிணறு, காலையில் எழுத ஒரு திண்ணை. இதுதான் என் உத்தேசம்.

திண்டுக்கல் பக்கம்தான் என்று எப்படித் தீர்மானித்தேன் என்று சிநேகிதர்கள் கேட்டார்கள். "காவேரிக் கரையை விட்டுவிட்டு, வானம் பார்த்த பூமிக்கா போகிறீர்?" என்று ஒருவர் கேலி செய்தார். அவர் சொன்னது வாஸ்தவம். திண்டுக்கல் சமவெளி பார்த்தவுடன் மயங்கும்படியான இடம் அல்ல. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத் தொடர். நடுவில் செவலும் கரிசலும் மாறி மாறிக் கிடக்கும் பூமி. ஊருக்கு மத்தியில் திண்டு போல ஒரு பாறை; அதன் மேல் ஒரு கோட்டை. மழை வந்தால் சோளம், கம்பு, கடலை. கிணற்றில் தண்ணீர் இருந்தால் சின்ன வெங்காயமும் தக்காளியும். நிலக்கோட்டைப் பக்கம் போனால் மல்லிகை வாசனை. தண்ணீர் இல்லாவிட்டால் எங்கும் வேலிக்கருவேல்தான். ஆனால் சாயங்காலம் வெயில் தாழ்ந்து, சிறுமலை நீலமாக மாறும் நேரத்தில், ஒரு பனைமரத்தடியில் பத்து நிமிஷம் நின்று பார்த்தவன் என்னைக் கேலி செய்யமாட்டான்.

தரகர் ஒருவர் கிடைத்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றினார். போகிற வழியெல்லாம் வரிசையாகக் கல் நட்டு, வர்ணக் கொடி கட்டி, 'நகர்' என்றும் 'கார்டன்' என்றும் பெயர் வைத்த பொட்டல்கள். நேற்று வரை கடலை விளைந்த பூமி இன்று சதுர அடிக் கணக்கில் விலைபோகிறது. நாலு வழிச் சாலை வந்ததிலிருந்து இப்படித்தான் என்றார் தரகர். அவருடைய குரலில் வருத்தம் இல்லை.

மூன்றாவது நாள் சாலையை விட்டு விலகி, சிறுமலை அடிவாரத்தை நோக்கிப் போகும் ஒரு மண் பாதையில் திரும்பினோம். சின்னக் கிராமம், பெயர் இங்கே வேண்டாம். ஊர்க் கோடியில் ஒன்றே முக்கால் ஏக்கர். கல் கட்டிய பழைய கிணறு. அதன் விளிம்பில், முன் காலத்தில் கமலை பூட்டி இறைத்தபோது கயிறு உராய்ந்து விழுந்த தடம் கூட அப்படியே இருந்தது. இரண்டு வேம்பு, ஒரு புளி. பாதியில் வெங்காயம் போட்டிருந்தது. நான் கதைகளில் எழுதி எழுதிக் கொடுத்த நிலம் இதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

விலையைக் கேட்டேன். பக்கத்து நிலத்தின் விலையில் பாதிதான் சொன்னார்.

"ஏன் இவ்வளவு மலிவு?"

"பெரியவருக்கு அவசரம். பேரன் படிப்பு, ஆஸ்பத்திரிக் கடன். வில்லங்கம் பார்த்தாச்சு சார், சுத்தமா இருக்கு. முப்பது வருஷத்துக்கு ஒரு வரி கூட இல்லை."

வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் உலகம் சொல்கிறது. ஆனால் கதை எழுதுகிறவனுக்குச் சந்தேக புத்தி அதிகம். ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் முப்பது வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதினால் எந்த வாசகர் நம்புவார்? நிலத்துக்கும் அப்படித்தான். நான் மூலப்பத்திரம் கேட்டேன். தரகர் தலையைச் சொறிந்தார்.

அந்த ஊரில் எண்பதைத் தாண்டிய ஒரு பழைய கணக்குப்பிள்ளை இருந்தார். 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரைக் கர்ணம், மணியம் உத்தியோகங்களை எல்லாம் ஒரே நாளில் ஒழித்து, பிறகு கிராம நிர்வாக அதிகாரிகளைப் போட்டார்கள் அல்லவா? அப்போது வேலை போனவர். வேலை போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஊரின் புல எண்கள் அவருக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர் மாதிரி ஞாபகம் இருந்தன. நிலத்தின் அடையாளத்தைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுவா? அதை நீங்க வாங்க முடியாதே. அது விநோபா நிலம்" என்றார்.

அன்று சாயங்காலம் முழுவதும் அவர் திண்ணையில்தான் இருந்தேன். அவர் சொன்னதையும், பிறகு நான் புத்தகங்களில் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒன்றே முக்கால் ஏக்கரின் கதை என்று நினைத்தேன். அது இந்தச் சீமையின் கதையாக இருந்தது.

திண்டுக்கல் மண்ணை யார் சொந்தம் கொண்டாடவில்லை? மதுரை நாயக்கர்கள் பாறை மேல் கோட்டை கட்டினார்கள். கன்னிவாடி, விருப்பாட்சி, இடையகோட்டை என்று சுற்றிலும் பாளையங்கள். 1755இல் மைசூர்ப் படையோடு ஹைதர் அலி பவுஜ்தாராக வந்து இறங்கினார். பிற்காலத்தில் தென்னிந்தியாவையே கலக்கிய அந்த மனிதர் ராஜ்ய நிர்வாகத்தின் பாலபாடத்தை இந்தப் பாறையின் நிழலில்தான் கற்றுக்கொண்டார் என்று சொல்லலாம். 1772இல் சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் எட்டு வருஷம் அடைக்கலம் இருந்ததும் இந்தப் பக்கத்தில்தான். நிலமும் வீடும் வாங்கிக் குடியேறியவர்கள் எத்தனையோ பேர் மறைந்து போனார்கள். ஒரு சென்ட் கூட வாங்காமல் தங்கிப் போன அந்த அம்மாளின் பெயர் இன்னும் இருக்கிறது.

1790இல் கர்னல் ஸ்டூவர்ட் கோட்டையைப் பிடித்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பாராமகாலும் மலபாரும் அதே கையெழுத்தில் போயின. உலகத்திலேயே பெரிய கிரயப் பத்திரங்களில் ஒன்று என்று அதைச் சொல்லலாம். அதில் உழுகிறவனுடைய கையெழுத்து மட்டும் இல்லை.

கம்பெனிக்காரர்கள் வியாபாரிகள். வாங்கிய சரக்கை அளந்து பார்க்காமல் விடுவார்களா? ஹர்டிஸ் என்ற கலெக்டர் 1796இலிருந்து ஏழு வருஷம் இங்கே இருந்தார். அவர் காலத்தில்தான் வயல் வயலாக அளந்து, தரம் பிரித்து, தீர்வை போட்டார்கள். விருப்பாட்சி கோபால் நாயக்கர் மற்றப் பாளையக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்ததும், 1801இல் தூக்குமரம் ஏறியதும் இந்த அளவு வேலை நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான். ஒரு பக்கம் சங்கிலி, ஒரு பக்கம் தூக்குக் கயிறு. இரண்டும் சேர்ந்துதான் நம் ஊர்ப் பட்டா பிறந்தது.

அதற்குப் பிறகும் கம்பெனிக்கு நிம்மதி இல்லை. வங்காளத்தில் செய்தது போல் இங்கேயும் ஜமீன்தார்களை உண்டாக்கிவிட்டால் வசூல் சுலபமாக நடக்கும் என்று 1802இல் சட்டம் போட்டார்கள். அதன்படி திண்டுக்கல் சீமையைச் சிறு சிறு மிட்டாக்களாக வகுத்துக் கொடுத்தார்கள். சில வருஷங்களிலேயே மிட்டாதார்களில் பெரும்பாலோர் பாக்கி கட்ட முடியாமல் விழுந்தார்கள். வானம் பார்த்த பூமிக்கு வருஷா வருஷம் மாறாத கிஸ்தி என்றால் எப்படி? கலெக்டரின் கணக்குப் புத்தகத்தில் மழை தவறாமல் பெய்தது, காட்டில் பெய்யவில்லை. கடைசியில், பாராமகாலில் ரீடும் மன்றோவும் நடத்திப் பார்த்த ரயத்துவாரி முறைக்கே இங்கேயும் வந்து சேர்ந்தார்கள். உழுகிறவன் பெயரில் பட்டா. அவனே நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்ட வேண்டியது. மிஞ்சிய ஜமீன்களை 1948ஆம் வருஷத்துச் சட்டம் ஒழித்தது.

ஒரு வேடிக்கை. சீமையை இத்தனை நுணுக்கமாக அளந்த வெள்ளைக்காரர்கள் இந்தச் சமவெளியில் வீடு கட்டிக் குடியிருக்க அதிகமாக ஆசைப்படவில்லை. கச்சேரி கீழே, பங்களா மேலே. 1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். பிறகு கோடைக்கானல் வளர்ந்தது. கீழே அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டே இந்த ஊர்களைக் கடந்து போனார்கள். அந்த ஸ்டேஷனுக்கே பிறகு 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர் மாறிவிட்டது.

விதிவிலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். ரால்ஃப் ரிச்சர்டு கெய்த்தான் என்று ஓர் அமெரிக்கர். 1925இல் பாதிரியாராக இந்தியாவுக்கு வந்தார். காந்தியின் பக்கம் சாய்ந்தார் என்பதற்காக 1930இல் ஒரு முறை, 1944இல் இன்னொரு முறை, பிரிட்டிஷ் சர்க்கார் அவரைத் திருப்பி அனுப்பியது. சுதந்திரம் வந்ததும் திரும்பி வந்துவிட்டார். சின்னாளபட்டி அருகே டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்திலும், சுற்று வட்டாரத்துக் கிராம வேலைகளிலும் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அந்நிய தேசத்திலிருந்து கிராமத்தில் வாழ வந்தவர் அவர். கிராமத்தை வாங்க வந்தவர் அல்லர்.

இனி விநோபாவுக்கு வருவோம். 1951 ஏப்ரல் 18ஆம் தேதி தெலுங்கானாவில் போச்சம்பள்ளி என்ற கிராமத்தில் ஹரிஜனங்கள் தங்களுக்கு உழுது பிழைக்க நிலம் வேண்டும் என்று விநோபா பாவேயிடம் கேட்டார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்து, கொடுப்பவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலச்சுவான்தார் எழுந்து நூறு ஏக்கர் கொடுத்தார். அங்கே தொடங்கிய நடை பதின்மூன்று வருஷம் நிற்கவில்லை. உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக நினைத்து ஆறில் ஒரு பங்கு கொடுங்கள் என்பது அவர் கேட்ட முறை. நாடு முழுவதும் ஐந்து கோடி ஏக்கர் அவர் லட்சியம். கிடைத்தது நாற்பது லட்சத்துக்கு மேல்.

1956இல் காஞ்சீபுரத்தில் சர்வோதய மகாநாடு நடந்தது. அந்த வருஷமும் மறு வருஷமும் விநோபா தமிழ்நாட்டில் நடந்தார். அப்போது திண்டுக்கல் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1985இல்தான். தமிழ்நாட்டில் மதுரை ஜில்லாவில்தான் கிராமதானங்கள் மிகுதி. வத்தலக்குண்டைச் சுற்றி ஊர் ஊராகப் போய் வேலை செய்தவர்கள் சங்கரலிங்கம் ஜகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும். கிருஷ்ணம்மாள் இந்த வட்டாரத்தில், நிலம் இல்லாத ஹரிஜனக் குடும்பத்தில் பிறந்தவர். சௌந்திரம் அம்மையாரின் ஆதரவில் படித்தவர். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காத்திருந்து 1950இல் மணந்துகொண்ட தம்பதிகள் அவர்கள். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்ட பிறகு, கீழத் தஞ்சைக்குப் போய், தானத்துக்குக் காத்திராமல், நிலத்தை விலைக்கு வாங்கிக் கொடுத்தாவது உழுகிறவர்கள் பெயரில் சேர்ப்பது என்று பாடுபட்டார்கள்.

பூமிதானத்துக்கு என்று 1958இல் சென்னை ராஜ்யத்தில் ஒரு சட்டம் வந்தது. தானமாக வந்த நிலம் பூமிதான போர்டைச் சேரும். போர்டு அதை நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். வாங்கிக்கொண்டவன் உழலாம், பிள்ளைக்கு விட்டுப் போகலாம், விற்க முடியாது.

"புரியுதுங்களா?" என்றார் கணக்குப்பிள்ளை. "அந்த நிலம் தானமா வந்தது, தகப்பனுக்கு அப்புறம் மகனுக்கு வந்தது. ஒரு தரம் கூட விலைக்குப் போகலை. அப்புறம் வில்லங்கத்தில் என்ன தெரியும்? சுத்தமாத்தான் தெரியும்."

நான் தரகரைப் பற்றிக் கோபமாக ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார். "அவன் மேல தப்பு இல்லைங்க. எழுபது வருஷத்துக்கு முந்தின சங்கதி அவனுக்கு எப்படித் தெரியும்? பட்டாவைப் பார்த்தா நிலம் யாருதுன்னு தெரிஞ்சிடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பட்டாங்கிறது தீர்வை கட்டுறவன் பேரு. அவ்வளவுதான்."

இந்த வார்த்தையை நான் இன்னொரு நாட்டிலும் கேட்டிருக்கிறேன். என் சிநேகிதரின் மகன் ஒருவன் இந்தோனேஷியாவில் உத்தியோகம் பார்க்கிறான். ஜாவாவில், நெல் வயல்களுக்கு நடுவே ஒரு கிராமம் அவனுக்குப் பிடித்துப்போய், அங்கேயே ஒரு வீடும் தோட்டமும் வாங்கிவிடலாம் என்று கிளம்பினான். வாங்க முடியவில்லை. 1960இல் சுகர்ணோ காலத்தில் இயற்றிய நிலச் சட்டத்தின்படி முழுச் சொந்தம், அவர்கள் பாஷையில் 'ஹாக் மிலிக்', அந்நாட்டுப் பிரஜைக்குத்தான். வெளிநாட்டானுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு அனுபவ உரிமை மட்டும் கிடைக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தர ஆட்கள் இருந்தார்கள். அப்படிச் செய்தவர்கள் பிறகு வீட்டையும் சிநேகத்தையும் சேர்த்து இழப்பது உண்டு என்று கேள்விப்பட்டு விட்டுவிட்டான். அவன் எழுதிய கடிதத்தில் இரண்டு சங்கதிகள் எனக்குச் சுவாரசியமாக இருந்தன. ஜாவாவின் கிராமச் சாவடியில் 'லெட்டர் சி' என்று ஒரு பழைய வரிக் கணக்கு நோட்டு இருக்கிறதாம். வரிக் கணக்குத்தான் என்றாலும் ஜனங்கள் அதையே சொந்தத்துக்குச் சாட்சியாக வைத்திருக்கிறார்களாம். கிராம அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விட்ட நிலத்துக்கு 'பெங்கோக்' என்று பெயராம். நம் ஊர்த் தலையாரி மானியமும் வெட்டியான் மானியமும்தான்! டச்சுக்காரன் ஆண்டால் என்ன, இங்கிலீஷ்காரன் ஆண்டால் என்ன, நெல்லும் வரியும் உள்ள இடத்தில் காகிதமும் ஒரே மாதிரிதான் வளரும் போலிருக்கிறது.

மறுநாள் காலை அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். வாங்க முடியாது என்று சொல்லிவிட்டு வருவதுதான் உத்தேசம். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வேம்பின் அடியில் துண்டை உதறி விரித்து, "உட்காருங்கய்யா" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்ங்கய்யா. வாங்குறவங்களுக்குத் தெரியாம இருந்தாச் சரின்னு அந்தத் தம்பி சொல்லிச்சு."

பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். விநோபா அந்தப் பக்கம் வந்தபோது அவருக்கு ஏழு வயசு இருக்கலாம். அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, தாடி வைத்த ஒரு மெலிந்த மனிதர் வேகமாக நடந்து போவதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கூட்டம் என்ன பேசிற்று என்பது ஞாபகம் இல்லை. நிலம் கைக்கு வந்தபோது அது நிலமாகவா இருந்தது? கல்லும் கள்ளியும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பூமிதானத்தில் வந்த நிலங்களில் பல அப்படிப்பட்ட மாடுகள்தாம். அவருடைய அப்பாவும் அம்மாவும் மூன்று வருஷம் கல் பொறுக்கினார்கள். பொறுக்கிய கல்லைக் கொண்டே கிணற்றுக்குச் சுற்றுச் சுவர் கட்டினார்கள். நான் கமலைத் தடத்தைக் கண்டு மயங்கினேனே, அந்தக் கயிற்றை இழுத்த மாடுகளில் ஒன்று வாடகை மாடு.

"இந்த நிலத்தை விக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுதுங்கய்யா. சரி. நாங்க வித்துக் குடிச்சிருவோம்னு பயந்து நல்லதுக்குத்தான் போட்டிருப்பாங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன்." அவர் கையை நீட்டி மேற்கே காட்டினார். வர்ணக் கொடிகள் காற்றில் ஆடின. "இதைத் தானமாக் கொடுத்தாரே, அவரு பேரன்தான் மிச்ச நிலத்தை எல்லாம் பிளாட்டுப் போட்டு வித்தாரு. நல்ல விலை. அவர் பிள்ளைங்க வெளிநாட்டில படிக்குது. என் பேரன் இங்க பக்கத்தில காலேஜில சேரப் பணம் இல்லை. பாங்கியிலே கேட்டா, உங்க பேரில பட்டா இல்லைங்கறான். அவர் நிலம்னா விக்கலாம், என் நிலம்னா விக்க முடியாது. அப்ப இது யாரு நிலம்ங்கய்யா?"

வாசகர்களே, நான் வாழ்நாள் முழுவதும் வசனம் எழுதிச் சம்பாதித்தவன். அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு வசனமும் வரவில்லை.

வராததற்குக் காரணம், அவர் சொன்னதும் நியாயம். சட்டம் சொல்வதும் நியாயம். விற்கலாம் என்று இருந்திருந்தால் அந்த ஒன்றே முக்கால் ஏக்கர் அவர் கையில் எழுபது வருஷம் இருந்திருக்குமா? முதல் பஞ்சத்திலேயே, முதல் கல்யாணத்திலேயே கை மாறியிருக்கும். இன்று அங்கேயும் வர்ணக் கொடி ஆடும். விற்க முடியாததனால்தான் அவர் இன்னும் நிலக்காரர். அதே காரணத்தால்தான் ஆபத்துச் சமயத்தில் நிலம் இருந்தும் இல்லாதவர். இதில் நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிராமத்தின் அமைதி வேண்டும் என்று பாதி விலைக்கு நிலம் தேடி வந்தவன் நான். அந்தப் பாதி விலை எங்கேயிருந்து வந்தது? இன்னொருவருடைய அவசரத்திலிருந்து. நிலம் விநோபா நிலமாக இல்லாமல் சாதாரண நிலமாக இருந்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். வாங்கிய கதையைப் பத்திரிகையிலும் எழுதியிருப்பேன்.

"உங்களிடம் ஏதாவது காகிதம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

வீட்டுக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்து, மை மங்கி, பழுப்பு ஏறிப்போன விநியோகப் பத்திரம். தகப்பனார் பெயர், புல எண், விஸ்தீரணம், நான்கு எல்லை. எண்பதுகளில் நில உடைமைப் பதிவுகளை மறுபடி சரிபார்த்தபோது இதைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தகப்பனார் இறந்த பிறகு பெயர் மாற்றவும் இல்லை. இப்போது கம்ப்யூட்டரில் அந்தப் புல எண்ணைத் தட்டினால் போர்டின் பெயர் வருகிறது. அவர் பெயர் எங்கேயும் இல்லை. கிணறு வெட்டினவன், கல் பொறுக்கினவன், எழுபது வருஷமாக உழுகிறவன், ஒருவனும் எழுத்தில் இல்லை. ஹர்டிஸ் துரை சங்கிலி பிடித்த நாளிலிருந்து இந்தப் பூமியின் சரித்திரமே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்துப் பிரதி எடுத்தேன். பழைய கணக்குப்பிள்ளை பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு எண்களைச் சரிபார்த்தார். வாரிசுதாரராகப் பெரியவருடைய பெயரைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினோம். பெரிய பெரிய நாவல்களுக்குக் கூட நான் அத்தனை தரம் அடித்துத் திருத்தியது கிடையாது. ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் குறை கேட்கும் நாளன்று, பெரியவரும் நானும் பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் அவர்தான் காசு கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.

பேரனுடைய சம்பளம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு பசு மாடுகளை விற்றார். மீதியில் கொஞ்சம் நான் கொடுத்தேன். எவ்வளவு என்பது முக்கியம் அல்ல. கடனாகத்தான் வாங்கிக்கொள்வேன் என்று அவர் பிடிவாதம் செய்ததுதான் முக்கியம். ஒரு தலைமுறைக்கு ஒரு தானம் போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்கு இப்போது அந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் கூடக் கிடையாது. ஊர்க் கோடியில் ஓர் ஓட்டு வீட்டை ஒத்திக்குப் பிடித்திருக்கிறேன். மதுரை, திண்டுக்கல் பக்கத்தில் இது நல்ல ஏற்பாடு. ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டால் வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். போகும்போது தொகை திரும்பிவிடும். திண்ணை இருக்கிறது. சாயங்காலம் சிறுமலை நீலமாகிறது. குடிக்கிற தண்ணீர் பெரியவருடைய கிணற்றிலிருந்து வருகிறது. தென்னை மட்டும் இல்லை. அதற்குப் பதில் அவருடைய இரண்டு வேம்பும் ஒரு புளியும் என் ஜன்னலுக்கு நேரே தெரிகின்றன.

மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். அதைப் பழைய விநியோகப் பத்திரத்தோடு சேர்த்து அதே மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு தரம் என் திண்ணைக்கு வந்து, "ஏதாச்சும் தகவல் உண்டுங்களாய்யா?" என்று கேட்கிறார். "இன்னும் இல்லை" என்கிறேன். "சரி, வெங்காயம் பிடுங்கலாமான்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்.